பாதியில் அணைகிற மெசின்

முனவ்வறாவின் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பள்ளிவாசல் மதிலோடு ஒட்டிய, பள்ளிவாசலுக்கே சொந்தமான ஒற்றை அறை அது. "தட்டச்சு செய்து கொடுக்கப்படும்" என்று ஒரு தாளில் அடித்துக் கதவில் ஒட்டியிருப்பாள். மாரிமழையில் தாள் ஊறி விழுந்தால் இன்னொன்று அடித்து ஒட்டுவாள். நாயாற்றுப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் "கடிதம் அடிக்கிற பிள்ளையிட்டப் போகவேணும்" என்று சொன்னால் கொண்டக்டர் சரியான இடத்தில் இறக்கிவிடுவார்.

நான் அந்தப் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்கிறவன். பெயர் பாஹிம், ஊரில் மோதினார் என்பார்கள். முனவ்வறாவுக்கு நான் சொந்தம் இல்லை. ஆனாலும் அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவாள். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லாரையும் ஊரை விட்டு அனுப்பியபோது இரண்டு குடும்பமும் ஒரே லொறியில் போனோம். எனக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. அவள் உம்மாவின் மடியில் மூன்று வயதுப் பிள்ளை. புத்தளத்து முகாமில் நான் படிப்பை விட்டு உப்பளத்துக்குப் போனேன். அவள் படித்தாள். பதினாறு வயதில், பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு ஒருவரின் கந்தோரில் பழைய தட்டெழுத்து மெசினில் பழகினாள். இன்றைக்கும் அவள் அடிக்கும்போது எழுத்தைப் பார்ப்பதில்லை. எதிரே இருக்கிறவரின் முகத்தைத்தான் பார்ப்பாள்.

யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பியபோது வீட்டு வளவுகளைக் காடு மூடிக் கிடந்தது. யாருடைய எல்லை எது என்று தெரியவில்லை. ஒவ்வொரு குடும்பமும் கச்சேரி, பிரதேச செயலகம் என்று அரசாங்கக் கந்தோர்களுக்குக் கடிதம் கொடுக்கவேண்டியிருந்தது. தறப்பாளுக்குக் கீழே ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு அவ்வளவு கடிதங்களையும் அவள்தான் அடித்தாள். என்னுடையதும் அவள் அடித்ததுதான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நானா, இப்பிடிச் சொன்னா அவங்களுக்கு விளங்காது" என்று சொல்லி, கந்தோர்காரருக்கு விளங்குகிற மாதிரி மாற்றி அடித்தாள். ஆனாலும் நான் சொன்னதுதான் அதில் இருந்தது.

அந்தக் காலத்தில் ஒரு நிறுவனம் பத்துப் பெண்களுக்கு லப்டொப் கொடுத்தது. ஒன்பது எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. அவளுடையது மட்டும் இருந்தது. வேலை முடிந்தால் துடைத்து, தானே தைத்த துணி உறைக்குள் போட்டு வைப்பாள். போன வருடம் அதற்கு மூப்பு வந்துவிட்டது. போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அரிசி களைந்து உலை வைத்துவிட்டு வந்தாலும் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கும். பிறகு அதன் பெட்டரி வயிறு ஊதிப்போய், மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. கிளிநொச்சியில் கம்பியூட்டர் திருத்துகிற ஜனார்த்தனனிடம் போனில் கேட்டபோது, "தங்கச்சி, அதைக் கழட்டி எறியுங்கோ, வெடிக்கும். இனி வயரில ஓடட்டும்" என்றான். கழற்றினாள். வயரில் ஓடியது, எழும்பிப் போனால் அணைத்துவிட்டுப் போவாள். கடைசியில் ஒருநாள் நீலநிறத்தில் ஏதோ காட்டிவிட்டு, அதுவும் நின்றது.

இரண்டு மாதம் அறை பூட்டிக் கிடந்தது.

ஒரு சனிக்கிழமை பள்ளிவாசல் தலைவர் மஸாஹிர் ஹாஜியார் அவளைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். ஆனால் நிர்வாகத்தில் அவர் மட்டும் இல்லையே.

"தங்கச்சி, அறை சும்மா கிடக்கிறது சரியில்லை. மீன்காரப் பொடியள் ஐஸ் பெட்டி வைக்கக் கேக்கிறாங்கள். வாற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நிர்வாகம் கூடும். அதுக்குள்ள உங்கட மெசின்ல ஒரு கடிதம் அடிச்சுக் கொண்டுவந்து காட்டுங்கோ, நான் உங்களுக்காகக் கதைக்கிறன். இல்லாட்டி எனக்குக் கதைக்க வாயில்லை."

"காட்டுறன் ஹாஜியார்" என்றாள். அவர் போன பிறகு என்னிடம் சொன்னாள்: "ஐஸ் பெட்டி வச்சா சுவர் ஊறும் நானா. அது பள்ளிச் சுவர். அதையாவது யோசிச்சாங்களா?"

புது மெசின் வாங்க அவளிடம் வழியில்லை. ஜனார்த்தனன் ஒரு வழி சொன்னான். பழைய மெசின்களை ஓட்டுவதற்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறதாம், லினக்ஸ் என்று பெயராம், சும்மா கிடைக்குமாம். மெசினைக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனால் அவனுடைய கடையில் இரண்டு கிழமை கிடக்கும். ஆகவே அவன் அதை ஒரு பெண்டிரைவில் ஏற்றி, கடதாசியில் சுற்றி, பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டான். எங்கள் பக்கத்தில் மருந்தும் மச்சாளுக்குச் சீலையும் அப்படித்தான் வரும்.

காலையில் அவள் முன்பள்ளி ரீச்சர். பகல் சமைத்து, சாப்பிட்டு, லுஹர் தொழுதுவிட்டு ஒன்றரைக்குத்தான் கடையைத் திறப்பாள். திங்கள் அன்று பெண்டிரைவ் வந்தபோதும் அப்படித்தான். மெசினைப் போட்டவுடன் எஃப் பன்னிரண்டு என்ற விசையைத் தட்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்று ஜனார்த்தனன் சொல்லியிருந்தான். தட்டினாள். பிந்திவிட்டது என்று மறுபடி அணைத்துத் தட்டினாள். ஏழாம் தரமோ எட்டாம் தரமோ ஒரு பட்டியல் வந்தது. பெண்டிரைவைத் தெரிந்து எடுத்தாள். ஊர் கேட்டது, கொழும்பு என்று கொடுத்தாள். பெயர் கேட்டது, கொடுத்தாள். "எல்லாத்தையும் அழிக்கவா எண்டு கேக்குது நானா" என்று என்னைப் பார்த்தாள். பழைய கடிதங்களை முதலே போனின் மெமரி கார்ட்டில் எடுத்து வைத்திருந்தாள். பிஸ்மி சொல்லி அழுத்தினாள். கீழே ஒரு கோடு எறும்பு போல ஊரத் தொடங்கியது. இரண்டரை மணித்தியாலம் எடுக்குமாம்.

மூன்று மணிக்கு அவள் மகளை மதரசாவிலிருந்து கூட்டிக்கொண்டு போகவேண்டும். அஸர் தொழுதுவிட்டுத்தான் திரும்புவாள். கதவைப் பூட்டிவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது மெசின் அணைந்து கிடந்தது. போட்டால், கறுப்பில் வெள்ளையாக ஒரே ஒரு வரி.

"அண்ணை, இங்கிலீசில ஒரு வரி காட்டுது. எழுத்தெழுத்தா வாசிக்கிறன், கேளுங்கோ" என்று போனில் வாசித்தாள்.

ஜனார்த்தனன் கேட்டுவிட்டு, "துவங்கிறதுக்கு உள்ளுக்க ஒண்டும் இல்லையாம். அரைவாசியில நிண்டிருக்கு" என்றான்.

"ஏன் நிண்டது?"

"அதை நானெல்லோ உங்களிட்டக் கேக்கவேணும். கரண்ட் போனதோ?"

அவள் வெளியே ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வந்தாள். "இல்லை அண்ணை, போகவே இல்லையாம். ரீவி ஓடிக்கொண்டு இருந்ததாம்."

"அப்ப ராம் ஊத்தையாயிருக்கும். கழட்டி அழிறப்பரால தேயுங்கோ."

செவ்வாய் அன்று மகளின் பென்சில் அழிறப்பரை வாங்கி, அந்தச் சின்னப் பச்சைத் தகட்டை அரைமணித்தியாலம் தேய்த்தாள். வெயிலில் காய்ந்த நெத்தலியைத் துடைக்கிற மாதிரி ஊதி ஊதித் தேய்த்தாள். எஃப் பன்னிரண்டு. பட்டியல். கொழும்பு. பெயர். எல்லாவற்றையும் அழிக்கவா. கோடு ஊர்ந்தது. மூன்று மணிக்குப் போனாள், நாலு மணிக்கு வந்தாள். கறுப்பு.

"பெண்டிரைவ்தான் பிழை" என்றான் ஜனார்த்தனன். புதன்கிழமை பகல் பஸ்ஸில் இன்னொன்று வந்தது. அன்றைக்கு அவள் என்னைக் கூப்பிட்டு, "நானா, ஒருக்கா யாசீன் ஓதி ஊதிவிடுங்கோ" என்றாள். நான் ஓதினேன். ஊதுவதற்குக் குனிந்தபோது, "ஈரம் படாம ஊதுங்கோ" என்றாள்.

அதுவும் நாலு மணிக்குக் கறுப்பு.

சூடு ஏறித்தான் நிற்கிறது என்று நினைத்து, கீழே இரண்டு செங்கல்லை வைத்து, மேலே காற்றாடியையும் போட்டுவிட்டு, அன்றைக்கே மறுபடியும் ஆரம்பித்தாள். ஆறு மணி வரைக்கும் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, மஃரிபுக்குக் கை கால் கழுவி வுழூச் செய்ய வீட்டுக்குப் போனாள். தொழுத கையோடு ஓடிவந்து கதவைத் திறந்தாள். நான் பள்ளி வாசலில் நின்றேன். உள்ளே இருந்து ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து படியில் இருந்தாள்.

"முன்னுக்கு நிண்டு பார்த்தா ஓடுது. அங்கால போனா செத்துப்போகுது. மனுசரைப் பழிவாங்குற மாதிரிக் கிடக்கு" என்றாள். போனில் ஜனார்த்தனன் குரலும் மாறிவிட்டது. "தங்கச்சி, ஹார்ட் டிஸ்க் போயிட்டுது போல. எனக்கும் இனி ஒண்டும் ஓடேல்ல. வேற ஒண்டு பாருங்கோ."

அவள் "சரி அண்ணை" என்று மட்டும் சொன்னாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும்.

வியாழக்கிழமை பகல் என்னிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது. "நானா, கடைசியா ஒருக்காப் போட்டிருக்கிறன். நான் பிள்ளையக் கூட்டப் போறன். நீங்க முன்னுக்கு இருந்து பாருங்கோ. எந்த இடத்தில நிக்குது எண்டாவது தெரியட்டும்."

நான் கதிரையில் இருந்து பார்த்தேன். கோடு பாதியைத் தாண்டியிருந்தது. ஒரு பிழையும் இல்லை. தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு, அது ஊருவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அஸருக்கு நேரமானது. இரண்டு நிமிட வேலை, பாங்கைச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று எழும்பிப் பள்ளிக்குள் போனேன்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். அந்த அறைக்குக் கரண்ட் போவது பள்ளி லைனில் இருந்துதான். அறை லைன் போட்டிருந்தால் ஒலிபெருக்கியில் ஓர் இரைச்சல் வரும், தகரத்துக்குள் வண்டு அடைபட்ட மாதிரி. மைக் பூட்டின ஆள் அப்போதே சொன்னான்: "மோதினார், பாங்கு நேரம் அறை லைனை அணைச்சுப்போட்டுச் சொல்லுங்கோ. முடியப் போட்டுவிடுங்கோ." ஆறு வருடமாக அப்படித்தான். பாங்கில் தூசி துரும்பு இருக்கக்கூடாது என்பது என் பிடிவாதம். பிஸ்மி சொல்லும்போதே விரல் சுவரில் இருக்கும் அந்தச் சுவிட்சுக்குப் போய்விடும். நான் நினைத்து அணைப்பதில்லை. கை தானாக அணைக்கும்.

அன்றைக்கும் அணைத்தது. பாங்கு சொன்னேன். துஆ ஓதினேன். சுவிட்சைப் போட்டேன். அறைக்குத் திரும்பி வந்தேன்.

மெசின் கறுப்பாக இருந்தது. அதற்கு மேலே காற்றாடி அப்போதுதான் மெல்ல மெல்லச் சுற்றத் தொடங்கியிருந்தது.

நான் காற்றாடியைப் பார்த்தேன். மெசினைப் பார்த்தேன். என் கையைப் பார்த்தேன்.

அன்று அஸர் தொழுகையில் எத்தனை ரக்அத் தொழுதேன் என்று இமாமைக் கேட்டால்தான் தெரியும். திங்கள் அஸர், செவ்வாய் அஸர், புதன் அஸர், புதன் மஃரிப் என்று மனம் எண்ணிக்கொண்டே இருந்தது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது என்ற எண்ணமும் வந்தது. அல்லாஹ் மன்னிக்கவேண்டும், அதுவும் நெற்றி நிலத்தில் பட்டிருந்த ஸுஜூதில் வந்தது.

அவள் வந்ததும் வாசலிலேயே சொன்னேன். சுவிட்சையும் காட்டினேன்.

அவள் அந்தச் சுவிட்சையே பார்த்தாள். பிறகு, "நாலு நாள் நானா" என்றாள். "நாலு நாள்! அழிறப்பரால தேய்ச்ச கை இன்னும் நோகுது. அந்த மனுசன் ரெண்டு பெண்டிரைவை பஸ்ஸில அனுப்பினார். நீங்க யாசீனும் ஓதி ஊதிப்போட்டு, போய்க் கரண்டையும் நிப்பாட்டினீங்களே!"

"பிழைதான் தங்கச்சி."

"பாங்குக்கு ஃபேன் நிக்கிறது எனக்கும் தெரியுந்தானே. எத்தனை வருசமாப் பாக்கிறன்." தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அப்ப பெட்டரி இருந்தது, மெசின் நிக்கேல்ல. அதைக் கழட்டி எறிஞ்சதே நான்தான். எனக்கும் புத்தி வரேல்ல."

அதற்குமேல் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். நேரத்தைப் பார்த்தாள். நாலுக்குப் பத்து நிமிடம் இருந்தது. நாளை காலை முன்பள்ளியில் பெற்றார் கூட்டம். அதன் பிறகு ஜும்ஆ. இன்றைக்கு விட்டால் வேறு நேரம் இல்லை.

"இப்ப போட்டா ஆறரைக்கு முடியும். ஆறே காலுக்கு மஃரிப்" என்றாள்.

"நான் சுவிட்சில கை வைக்க மாட்டன்."

"பாங்கு இரையுமே நானா. ஊர் முழுக்கக் கேக்குமே."

"இரையட்டும்."

எஃப் பன்னிரண்டு. இந்தத் தடவை இரண்டாம் தட்டிலேயே பட்டியல் வந்தது. அவளுடைய கணவர் பைறூஸ் கருவாடு ஏற்றிக்கொண்டு வவுனியாவுக்குப் போயிருந்ததால், மகளை என் மனைவி நஃப்லாவிடம் விட்டுவிட்டு வந்து மெசினுக்கு முன்னால் இருந்தாள். தண்ணீர் குடிக்கக்கூட எழும்பவில்லை.

மஃரிபுக்கு மைக்கின் முன்னால் நின்றேன். பிஸ்மி சொன்னேன். விரல் சுவருக்குப் போய்விட்டது. சுவிட்சில் முட்டியும் விட்டது. இடது கையால் அந்தக் கையைப் பிடித்து இழுத்து, சட்டைப் பைக்குள் வைத்தேன். பாங்கு சொல்லும்போது விரலைக் காதில் வைப்பது வழக்கம். அன்றைக்கு ஒரு காதுக்கு விரல் இல்லை. முதல் அல்லாஹு அக்பரிலேயே வண்டு இரையத் தொடங்கியது. நான் குரலை உயர்த்தினால் அதுவும் உயர்ந்தது. மூச்சு விட்ட இடமெல்லாம் அது மட்டும் தனியாக இரைந்தது. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

தொழுது முடிய மஸாஹிர் ஹாஜியார் திரும்பிப் பார்த்தார். "என்ன மோதினார், பாங்குக்குள்ள வண்டு பூந்திட்டுதோ?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் எழும்பி நின்று நடந்ததைச் சொன்னேன். சுவிட்சைச் சொன்னேன். நாலு நாளையும் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

ஹாஜியார் தாடியைத் தடவினார். "அப்ப ஆறு வருசமா அந்தப் பிள்ளையை வேர்க்க விட்டுட்டோ பாங்கு சொன்னனீங்கள்?" என்றார். பிறகு எழும்பி அறைப் பக்கம் நடந்தார். எல்லாரும் பின்னால் போனோம்.

கோடு முடிந்திருந்தது. மெசின் மறுபடி துவங்க அனுமதி கேட்டுக்கொண்டிருந்தது. முனவ்வறா விரலை விசைக்கு மேலே வைத்துக்கொண்டு, அழுத்தாமல் இருந்தாள். "பயமாக் கிடக்கு" என்றாள். ஹாஜியார், "அழுத்துங்கோ தங்கச்சி, நாங்க ஒருத்தரும் ஒரு சுவிட்சிலயும் கை வைக்கேல்ல" என்றார். அழுத்தினாள். கறுப்பானது. நாலு நிமிடம் போயிருக்கும். பச்சையாக ஒரு மலைப்படம் வந்தது.

"இதுக்கா நாலு நாள்?" என்று ஹாஜியார் கேட்டார். அவள் முந்தானையால் மெசினின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போனால் நஃப்லா வாசலில் நின்றாள். "உங்களுக்கு நெஞ்சில சளி கட்டிட்டுதெண்டு பயந்து கொத்தமல்லி அவிச்சு வச்சிருக்கிறன்" என்றாள். குடித்தேன்.

அதோடு முடிந்தது என்று நினைக்கவேண்டாம். வெள்ளி காலை பத்தரைக்குப் பெற்றார் கூட்டம் முடிந்து அவள் ஓடிவந்தால், மெசினுக்குப் பிரிண்டரைத் தெரியவில்லை. ஜனார்த்தனன் போனில் சொல்லச் சொல்ல, என்னவோ எல்லாம் அடித்தாள். தெரிந்தது. முதல் தாள் வெளியே வந்தது. தமிழ் இருந்த இடமெல்லாம் இங்கிலீசு எழுத்தும் கமாவும் புள்ளியுமாகக் கிடந்தது. அவள் அடிக்கிற பாமினி என்கிற தமிழ் எழுத்து வகை அதில் இல்லையாம். "யா அல்லாஹ், இன்னும் என்னதான் மிச்சம்?" என்று தாளைக் கசக்கி எறிந்தாள். போனின் மெமரி கார்ட்டுக்குள் தேடி எடுத்து ஏற்றினாள். பதினொன்றரைக்கு ஒரு சுத்தமான தாள் வந்தது.

அதில் அவள் அடித்திருந்தது நிர்வாகத்துக்கு ஒரு கடிதம். பள்ளியின் ஒலிபெருக்கிக்கும் அறைக்கும் தனித்தனி லைன் இழுத்துத் தரவேண்டும் என்ற கோரிக்கை. கந்தோர்காரருக்கு விளங்குகிற தமிழ். ஜும்ஆவுக்குப் பிறகு ஹாஜியார் அதைச் சத்தமாக வாசித்தார். அறை அவளுக்கே என்று முடிவானது. மீன்காரப் பொடியள் சந்தியில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டார்கள். தனி லைனுக்கும் எல்லாரும் சம்மதம்.

ஆனால் லைன் இழுக்கிறவன் வவுனியாவிலிருந்து வரவேண்டும். வருகிற கிழமை என்றான். பிறகு பெருநாள் முடியட்டும் என்றான். பிறகு போன் எடுக்கவில்லை. மூன்று மாதமாகிறது. முனவ்வறா அவனுக்கு இரண்டு கடிதம் அடித்து அனுப்பிவிட்டாள்.

அதுவரைக்கும் ஐந்து வேளையும் எங்கள் பாங்கு இரைகிறது. இரவில் அவள் கடை பூட்டிய பிறகாவது அணைத்துவிட்டுச் சொல்லலாமே என்று நஃப்லா கேட்டாள். ஒரு நேரம் அணைத்தால் கை மறுபடியும் பழகிவிடும், நான் அந்தச் சுவிட்சைத் தொடுவதில்லை. போன கிழமை மதரசா முற்றத்தில் சின்னப் பிள்ளைகள் பாங்கு சொல்லி விளையாடிக்கொண்டிருந்தார்கள். முனவ்வறாவின் மகள்தான் மோதினார். காதில் ஒரு விரலை மட்டும் வைத்து, மற்றக் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு, முதலில் "ம்ம்ம்ம்" என்று நல்லாக இரைந்துவிட்டுத்தான் அல்லாஹு அக்பர் என்றாள்.